அடும்பும் அகவலும்: சங்க அகப்பாடலின் யாப்பையும் பொருளையும் பகுத்து வாசிப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் உயர்தர வகுப்புகளுக்குத் தமிழ் கற்பித்த தொடக்க ஆண்டுகளில், குறுந்தொகையின் 243ஆம் பாடலில் வரும் ‘அடும்பு’ என்ற சொல்லுக்கு ‘ஒருவகைக் கொடி’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவேன். எனக்குக் கிடைத்த பழைய குறிப்புக் கொப்பியிலும் அப்படித்தான் இருந்தது. ஒருநாள் நிலாவெளிப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, “சேர், மான்ர கால் மாதிரி இலை எண்டா, அது எங்கட அடம்பன்தானே?” என்று கேட்டாள். அன்று மாலை உப்புவெளிக் கடற்கரையில் இறங்கி ஓர் இலையைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். நுனியிலிருந்து உள்வாங்கிப் பிளந்து இரண்டு மடலாக நின்ற அந்த இலை, ஈர மணலில் பதிந்த மான் குளம்பின் சுவடாகவே இருந்தது. அதன் பக்கத்தில் ஊதா கலந்த இளஞ்சிவப்பில் விரிந்திருந்த பூவின் வாய் ஒரு சிறு மணியின் வாயைப் போலிருந்தது. ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்று பேச்சுக்குப் பேச்சு சொல்லும் ஊரில் வாழ்ந்துகொண்டு, காலால் மிதித்து நடந்த கொடியைக் கரும்பலகையில் தெரியாத கொடியாக்கி வைத்திருந்தேன்.

இந்த வழிகாட்டி அந்த ஐந்தடிப் பாடலைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கிறது. பிற பாடல்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மட்டுமே இடையில் வரும். யாப்பை இலக்கணப் பாடத்திலும் பொருளை இலக்கியப் பாடத்திலும் பிரித்து வைக்கும் நம்முடைய வழக்கம் அகப்பாடலை வாசிக்க உதவாது என்பது என் துணிபு. சீரின் எண்ணிக்கை குறையும் இடத்திலும், ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் முறையான தளை மாறும் இடத்திலும் பெரும்பாலும் பாடலின் உணர்ச்சியும் திரும்புகிறது. ஆகையால் முதலில் அளந்துவிட்டு, அதன்பின் பொருளுக்குப் போவதே சரியான ஒழுங்கு.

உரையை மூடிவைத்துப் பாடலை எழுதிக்கொள்ளுதல்

பாடலைக் கொப்பியில் கையால் எழுதுங்கள். அடிக்கு அடி இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். அசைக்கும் சீருக்கும் குறி போட அந்த இடம் வேண்டும்.

மானடி யன்ன கவட்டிலை யடும்பின்
தார்மணி யன்ன ஒண்பூக் கொழுதி
ஒண்டொடி மகளிர் வண்ட லயரும்
புள்ளிமிழ் பெருங்கடற் சேர்ப்பனை
உள்ளேன் தோழி படீஇயரென் கண்ணே

பாடியவர் நம்பி குட்டுவனார். நேர்பொருள் இதுதான்: மானின் அடியைப் போன்ற பிளவுபட்ட இலையுடைய அடும்பின், குதிரையின் கழுத்து மாலையில் கட்டிய மணியைப் போன்ற ஒளியுள்ள பூவைக் கோதி, ஒளிரும் வளையணிந்த பெண்கள் மணலில் வண்டல் விளையாடுகின்ற, பறவைகள் ஒலிக்கும் பெருங்கடலின் தலைவனை இனி நினைக்க மாட்டேன் தோழி, என் கண்கள் உறங்குக.

எந்தப் பதிப்பிலிருந்து எழுதுகிறோம் என்பது முக்கியம். இன்றைய எளிய பதிப்புகள் பல, வாசகர் சிரமப்படாதிருக்கப் புணர்ச்சியைப் பிரித்து அச்சிடுகின்றன. பொருள் காண அது நல்ல உதவிதான். ஆனால் அந்த வடிவத்தை வைத்துச் சீர் பிரித்தால் கணக்குப் பிழைக்கும். 1937ஆம் ஆண்டு வெளிவந்த உ. வே. சாமிநாதையர் பதிப்பைப் போலப் புணர்ச்சி வடிவத்தைக் காத்து, பதவுரையைத் தனியே தரும் பதிப்பை அளவைக்குப் பயன்படுத்துங்கள். சொற்பிரித்த பதிப்பு பக்கத்தில் கிடக்கட்டும்.

பாடலின் கீழே ‘தலைவி தோழிக்குக் கூறியது’ என்பது போன்ற ஒரு குறிப்பு இருக்கும். அதைச் சிறு தாளால் மறைத்துவிடுங்கள். இக்கூற்றுக் குறிப்புகள் பாடலோடு பிறந்தவை அல்ல. பாடல்களைத் தொகுத்த பிற்காலத்தவர் சேர்த்தவை என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. அவற்றை மதிக்கத்தான் வேண்டும், ஆனால் நம் சொந்த வாசிப்பு முடிந்த பிறகு.

வாய்விட்டு மூன்று முறை வாசித்தல்

திருகோணமலைக்காரரின் காதுக்குச் செய்யுள் ஓசை புதியதன்று. ‘கோயிலும் சுனையும் கடலுடன் சூழ்ந்த கோணமாமலை அமர்ந்தாரே’ என்ற சம்பந்தர் பதிக அடியைப் பாடாத வீடு எங்கள் பக்கத்துச் சைவக் குடும்பங்களில் அரிது. ஆனால் அந்தப் பழக்கமே அகவலை, அதாவது இந்தப் பாடல் அமைந்த ஆசிரியப்பாவை, வாசிக்கும்போது சிறு இடையூறும் ஆகிறது. பதிகத்தில் அடிகள் ஒன்றுக்கொன்று அளவொத்து வந்து ஒரே இடத்தில் முடியும். காது அதையே எதிர்பார்க்கிறது. அகவலுக்கு அந்தப் பண் ஏற்றம் ஒத்துவராது. ஒருவரை அழைத்துப் பேசுகிற குரலில், இராகம் போடாமல் வாசியுங்கள். மூன்றாம் முறை வாசிக்கும்போது எங்கே மூச்சு நிற்கிறது என்று ஒரு புள்ளி வையுங்கள். என் வகுப்பில் ஏறக்குறைய எல்லோருமே ‘சேர்ப்பனை’ என்ற சொல்லுக்குப் பின் நின்றார்கள். காரணம் அடுத்த வேலையில் தெரியும்.

அசையும் சீரும் பிரித்தல்

விதி சிறியது. குறில் தனித்தோ நெடில் தனித்தோ, ஒற்றோடு சேர்ந்தோ வந்தால் நேர். இரண்டு குறிலோ, குறிலும் நெடிலுமோ இணைந்து, ஒற்றோடோ ஒற்றின்றியோ வந்தால் நிரை. நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நிரை நிரை கருவிளம், நேர் நிரை கூவிளம். இவை நான்கும் ஈரசைச் சீர்கள். ஆசிரியப்பாவுக்கு உரிய இயற்சீர்கள். மூன்றாவதாக ஒரு நேர் சேர்ந்தால் காய்ச்சீர்.

முதலடி: மா/னடி, யன்/ன, கவட்/டிலை, யடும்/பின். கூவிளம், தேமா, கருவிளம், புளிமா.
இரண்டாமடி: தார்/மணி, யன்/ன, ஒண்/பூக், கொழு/தி. கூவிளம், தேமா, தேமா, புளிமா.
மூன்றாமடி: ஒண்/டொடி, மக/ளிர், வண்/ட, லய/ரும். கூவிளம், புளிமா, தேமா, புளிமா.
நான்காமடி: புள்/ளிமிழ், பெருங்/கடற், சேர்ப்/பனை. கூவிளம், கருவிளம், கூவிளம்.
ஐந்தாமடி: உள்/ளேன், தோ/ழி, படீ/இய/ரென், கண்/ணே. தேமா, தேமா, கருவிளங்காய், தேமா.

மொத்தம் 19 சீர். அவற்றில் 18 இயற்சீர். ஒன்று மட்டும் காய்ச்சீர். அந்த ஒன்று எங்கே விழுகிறது என்று பாருங்கள்: ‘என் கண் உறங்குக’ என்று அவள் வேண்டிக்கொள்ளும் சொல்லில். பாடல் முழுதும் ஈரசையிலேயே நடந்துவந்த ஓசை, உறக்கத்தைக் கேட்கும் இடத்தில் மட்டும் மூவசையாக நீள்கிறது. அதற்குள் ‘டீ’ என்ற நெடிலும், அதைத் தொடரும் ‘இ’ என்ற அளபெடையும் வேறு. வாய்விட்டுச் சொல்லும்போது அந்தச் சொல்லை விரைந்து கடக்க முடியாது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கடைசி இரு சீர்களைப் ‘படீஇய ரென்கண்ணே’ என்றும் பிரிக்கலாம். அப்போது ‘படீஇய’ கருவிளமாகவும் ‘ரென்கண்ணே’ தேமாங்காயாகவும் அமையும். எப்படிப் பிரித்தாலும் காய்ச்சீர் அந்த அடியில் ஒன்று இருந்தே தீரும் என்பதால் நம்முடைய முடிவு மாறாது. தேர்வில் எழுதுவோர் இரண்டில் ஒன்றைத் தெரிந்து, அதையே கடைசிவரை பின்பற்றினால் போதும்.

அளபெடையைப் பற்றி இன்னொரு சொல். ஆலங்குடி வங்கனாரின் குறுந்தொகை 8ஆம் பாடலில் ‘பழன வாளை கதூஉம் ஊரன்’ என்று ஓர் அடி வருகிறது. ‘கதூம்’ என்று எழுதினால் அது ஒரே நிரையசை. இயற்சீர் ஆக இன்னோர் அசை வேண்டும். ‘உ’ வந்து சேர்ந்ததும் ‘கதூ/உம்’ என்று புளிமா ஆகிறது. இத்தகைய எழுத்தை அச்சுப் பிழை என்று நினைத்து வெட்டிவிடும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன்.

தளையை எண்ணுதல்

இந்த வேலையைப் பலர் வெறும் சடங்காகச் செய்து, ‘ஆசிரியத்தளையும் பிற தளையும் விரவி வந்தன’ என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். எண்ணிப் பார்த்தால்தான் பயன். மா முன் நேரும் விளம் முன் நிரையும் வந்தால் ஆசிரியத்தளை. மா முன் நிரையும் விளம் முன் நேரும், காய் முன் நேரும் வந்தால் வெண்டளை. நம் பாடலில் சீர்கள் சந்திக்கும் இடங்கள் 18. அவற்றில் 9 ஆசிரியத்தளை, 9 வெண்டளை; சரிபாதி. ஆனால் அவை பரவியிருக்கும் முறை சரிபாதியன்று. பெண்கள் மணலில் விளையாடும் மூன்றாமடியில் ‘ஒண்டொடி’ முதல் நான்காமடியின் ‘புள்ளிமிழ்’ வரை நான்கு சந்திப்புகளில் மூன்று ஆசிரியத்தளை. ‘பெருங்கடற்’ என்பதிலிருந்து பாடல் முடியும்வரை ஐந்து சந்திப்புகளில் நான்கு வெண்டளை. அகவல் ஆசிரியப்பாவின் ஓசை என்றும், செப்பல் வெண்பாவின் ஓசை என்றும் இலக்கணம் சொல்கிறது. செப்புதல் என்பது ஒருவருக்கு ஒன்றைச் சொல்வது. கடற்கரைக் காட்சியை விட்டுத் தோழியின் முகத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கும்போது ஓசையும் செப்பலின் பக்கம் சாய்கிறது. புலவர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்துச் செய்தார் என்று நான் வாதாட மாட்டேன். பழகிய காது தானாகச் செய்வதைத்தான் நாம் பின்னால் வந்து எண்ணுகிறோம்.

ஈற்றயலடி: பாடல் குறுகும் இடம்

நான்காமடியில் மூன்று சீரே உள்ளன. இறுதியடிக்கு முந்திய அடி முச்சீராய் வந்தால் அது நேரிசை ஆசிரியப்பா. எல்லா அடியும் நாற்சீராய் வந்தால் நிலைமண்டிலம். குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் நேரிசையே. பாவின் பெயரை எழுதிவிட்டு மேலே போய்விடாமல், அந்தக் குறுகிய அடிக்குள் புலவர் எதை வைத்தார் என்று கேளுங்கள். என் கணிப்பில் இந்த வழிகாட்டியிலேயே பயன் மிகுந்த கேள்வி இதுதான்.

எல்லோருக்கும் மனப்பாடமான குறுந்தொகை 40ஐ எடுத்துக்கொள்ளுங்கள். திருமண அழைப்பிதழ்களில் அச்சாகி அச்சாகித் தேய்ந்துபோன பாடல் அது. ஆனாலும் ‘செம்புலப் பெயனீர் போல’ என்பதே அதன் முச்சீரடி என்பதைக் கவனித்தவர் குறைவு. தாய் யார், தந்தை எவ்வழி உறவு, நாம் எப்படி அறிந்தோம் என்று நாற்சீரில் கேள்வி கேட்டுக்கொண்டே வந்த பாடல், உவமைக்கு வந்ததும் ஒரு சீரை விட்டுவிடுகிறது. குறுந்தொகை 8இலும் ‘ஆடிப் பாவை போல’ என்ற உவமையே முச்சீரடி. பெயரிலேயே ஈழத்தைத் தாங்கிய ஈழத்துப் பூதன்தேவனாரின் குறுந்தொகை 189இல், வேலைமேல் புறப்படும் தலைவன் தன் பாகனிடம் பேசுகிறான். அங்கே முச்சீரடியில் நிற்பவள் ‘சின்னிரை வால்வளைக் குறுமகள்’, அவனுக்காகக் காத்திருக்கப் போகிறவள். நம் 243இல் நிற்பவன் ‘சேர்ப்பன்’, மறந்துவிட்டதாக அவள் சொல்லிக்கொள்ளும் ஆள்.

இதை வாய்பாடாக்கிவிடக் கூடாது. ‘நிலத்தினும் பெரிதே’ என்று தொடங்கும் குறுந்தொகை 3இல் முச்சீரடி ‘கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு’ என்பது. அங்கே ஆளும் இல்லை, உவம உருபும் இல்லை. தேன் இழைக்கும் செயலின் பாதியில் அடி முறிகிறது. அடி குறுகுவது பாவின் கட்டாயம். அதில் எதை வைப்பது என்பதே புலவரின் உரிமை. அந்த உரிமை எப்படிப் பயன்பட்டது என்பதை ஒவ்வொரு பாடலுக்கும் புதிதாகப் பார்க்க வேண்டும்.

பூதன்தேவனாரின் பாடலில் இன்னோர் இடத்தையும் காட்டாமல் விட மனமில்லை. தேர்ச்சக்கரம் வயல்வெளியில் விரைவதை ‘இளம்பிறை யன்ன விளங்குசுடர் நேமி, விசும்புவீழ் கொள்ளியின் பைம்பயிர் துமிப்ப’ என்கிறார். வானிலிருந்து விழும் எரிகொள்ளியைப் போலச் சக்கரம் பசும்பயிரை அறுத்துக்கொண்டு போகிறது. இரண்டாவது அடியைச் சீர் பிரித்தால் விளம், விளம், விளம், மா என்று வரும். நிரை மிகுந்து குறில்கள் நெருங்கும் அந்த ஓட்டத்தில் நாக்கு நிற்க இடமில்லை. உறக்கம் வராத பெண்ணின் ‘படீஇயர்’ என்ற சொல்லோடு இதை அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். ஒரே பாவினத்துக்குள் இரண்டு நடைகள் தெரியும்.

தொடை

எதுகை, மோனையைப் பட்டியலிடுவதோடு நிற்காமல், எவற்றை அவை இணைக்கின்றன என்று பார்த்தால் போதும். முதலிரு அடிகளில் எதுகை இல்லை; ஆனால் ‘மானடி யன்ன’, ‘தார்மணி யன்ன’ என்று கூவிளமும் தேமாவும் அதே வரிசையில் திரும்ப வருகின்றன. இலையும் பூவும் ஒரே அச்சில் வார்க்கப்படுகின்றன. மூன்றாமடியில் ‘ஒண்டொடி’யும் ‘வண்டல்’உம் முதற்சீரிலும் மூன்றாஞ்சீரிலும் நிற்பதால் பொழிப்பெதுகை. கடைசி இரண்டு அடிகளில் ‘புள்ளிமிழ்’, ‘உள்ளேன்’ என்று அடியெதுகை அமைகிறது. வெளியே பறவை ஒலிப்பதும் உள்ளே அவள் நினைவை அடக்க முயல்வதும் அந்த ஓர் எதுகையில் பிணைந்துவிடுகின்றன. கடற்கரையில் ஒலி ஓயாதவரை அவளுக்கு மறதியும் இல்லை.

திணையை நிலத்திலிருந்து தேடாமல் உரிப்பொருளிலிருந்து தேடுதல்

‘முதல்கரு உரிப்பொருள் என்ற மூன்றே, நுவலுங் காலை முறைசிறந் தனவே’ என்பது தொல்காப்பியம். நிலமும் பொழுதும் முதல்; பூ, புள், மரம், தொழில் முதலியவை கரு; புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகியவையும் அவற்றின் நிமித்தங்களும் உரி. ‘முறை சிறந்தன’ என்பதற்கு ஒன்றைவிட அடுத்தது சிறந்தது என்று பொருள் கொள்வர். அதாவது உரிப்பொருளே தலையாயது. கடலைக் கண்டதும் நெய்தல் என்றும், மலையைக் கண்டதும் குறிஞ்சி என்றும் எழுதிவிடும் அவசரம் இங்கேதான் சறுக்கும். உரிப்பொருள் கடலோரத்தில் புணர்தலாகவும் மலையோரத்தில் இரங்கலாகவும் வரலாம். திணை மயங்குவதைத் தொல்காப்பியரே தடை செய்யவில்லை. 243இல் கடலும் இரங்கலும் ஒன்றாகவே இருப்பதால் நெய்தல் என்பதில் ஐயமில்லை.

நம் ஊர் நிலத்தை வைத்துப் பாடலைப் புரிந்துகொள்வது பெரும்பேறு. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு. சூரியன் சாயும் நேரம் என்று பலரும் கொள்வர். இதைப் படித்தவுடன் கடலில் மூழ்கும் சூரியனை மனத்தில் வரைந்துவிடுகிறோம். திருகோணமலையில் சூரியன் கடலில் எழுமே தவிர விழாது. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலைக்கு அப்பால் உதித்து, உட்துறைமுகத்தைத் தாண்டித் தரைப்பக்கமே மறையும். அப்படியானால் நம் கடற்கரை நெய்தலுக்குப் பொருந்தாதா என்று ஒரு மாணவன் கேட்டான். நற்றிணை 67ஆம் பாடலைத் திறந்து காட்டினேன்: ‘சேய்விசும்பு இவர்ந்த செழுங்கதிர் மண்டிலம் மால்வரை மறைய, துறை புலம்பின்றே.’ அதுவும் நெய்தல் பாடல். அங்கும் சூரியன் மலைக்குப் பின்னால்தான் மறைகிறது, வெறிச்சோடுவது துறை. கிழக்குக் கரையில் நின்று மாலையைப் பார்த்தவருக்கு அந்த வரி விளக்கமின்றிப் புரியும். கடல் இன்னும் வெளிச்சமாக இருக்க, நிழல் தரைப்பக்கத்திலிருந்து வந்து மணலை மூடும்.

பருவத்தில் எச்சரிக்கை வேண்டும். கார்காலம் ஆவணியும் புரட்டாசியும் என்று இலக்கண நூல்கள் வகுக்கின்றன. அந்த மாதங்களில் நமக்குத் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றின் கடைசிப் பகுதி. நிலம் காய்ந்து கிடக்கும். மழை ஐப்பசிக் கடைசியில் தொடங்கித் தை வரை நீளும். முல்லைப் பாடலில் ‘கார் வந்தது, அவர் வரவில்லை’ என்று தலைவி சொல்லும்போது நம் நாட்காட்டியை அங்கே கொண்டுபோனால் குழப்பமே மிஞ்சும். வாடை மட்டும் பெயரிலும் குணத்திலும் நம்மோடு ஒத்துப்போகிறது; வாடைக்காலத்தில் கொந்தளிக்கும் கடலைப் பார்த்துக்கொண்டு கரைவலைக்காரர் வாடியில் முடங்கியிருக்கும் சோர்வு, பிரிந்தவரின் சோர்வைப் புரிந்துகொள்ள நல்ல வாயில்.

கருப்பொருளும் உள்ளுறையும்

இப்போது அடும்புக்குத் திரும்புவோம். ஐந்தடிப் பாடலில் இரண்டு அடியை ஒரு கொடிக்குக் கொடுத்திருக்கிறார் புலவர். ஏன்? பூவுக்கு உவமையாக வந்த தார்மணி கடற்கரைப் பொருள் அன்று. குதிரையின் கழுத்தில் ஒலிப்பது. நெய்தல் பாடல்களில் தலைவன் தேரேறி மணல்வெளியில் வருவதும், அவன் தேர்மணியின் ஒலிக்கு அவள் காத்திருப்பதும் வழக்கம். ஐங்குறுநூற்றின் நெய்தல் பகுதியில், 101ஆம் பாடலில், அம்மூவனார் அவனுடைய தேரைப் ‘பாசடும்பு பரிய’, அதாவது பசிய அடும்பை அறுத்துக்கொண்டு, வரச்செய்கிறார். அங்கே அது ‘நோய்க்கு மருந்தாகிய கொண்கன் தேர்’. இரண்டையும் சேர்த்து வாசித்தால் 243இன் அடும்பு அழகுக்காக வைத்த கொடியாக இருக்க முடியாது. அவன் தேர் வந்த வழியில் கிடக்கும் கொடியின் பூவே அவளுக்கு அவன் குதிரையின் மணியாகத் தெரிகிறது. நினைக்க மாட்டேன் என்று சொல்லும் வாயே உவமையில் அவனை அழைத்துவந்துவிட்டது.

அந்தப் பூவைப் பெண்கள் ‘கொழுதி’ விளையாடுகிறார்கள். கோதிக் கிழிப்பது அவர்களுக்கு விளையாட்டு. பூவுக்கு அப்படி இல்லை. தலைவன் தன்னிடம் நடந்துகொண்டதை அவள் இதற்குள் மறைத்துச் சொல்கிறாள் என்று கொண்டால் அது உள்ளுறை. நான் அப்படியே வாசிக்கிறேன். ஆயினும் விளையாட்டுத் தோழியரின் கவலையற்ற நிலைக்கும் தன் நிலைக்கும் உள்ள தூரத்தை மட்டும் அவள் காட்டுகிறாள் என்று வாசிப்போரை மறுக்க என்னிடம் வலுவான சான்று இல்லை.

உள்ளுறையில் ஐயத்துக்கு இடமே இல்லாத எடுத்துக்காட்டு வேண்டுமானால் குறுந்தொகை 8 இருக்கிறது. வயலோர மாமரத்திலிருந்து தானாக உதிரும் கனியைக் குளத்து வாளைமீன் வருந்தாமல் கவ்விக்கொள்ளும் ஊரன் அவன் என்கிறாள் பரத்தை. தான் அவனைத் தேடிப் போகவில்லை, அவனாகவே வந்து விழுந்தான் என்பது குறிப்பு. தம்பலகாமத்து வயல்வரம்பில் நின்றால் இந்தக் காட்சிக்குத் தூரம் இல்லை. சந்தையில் வாங்கும் சாவாளையோடு மட்டும் இந்த வாளையைக் குழப்பிவிடாதீர்கள். அது கடல்மீன், இது நன்னீர்மீன். கருப்பொருளின் பெயர் இன்றும் வழங்குகிறது என்பதாலேயே பொருளும் அதுவே என்று எண்ணுவது, எனது ‘ஒருவகைக் கொடி’க்கு நேர் எதிர்த்திசையில் நேரும் பிழை.

யார், யாரிடம், எந்த நேரத்தில்

மறைத்துவைத்த குறிப்பை இனித் திறக்கலாம். அதற்கு முன் பாடலுக்குள்ளேயே சான்று தேடுங்கள். ‘தோழி’ என்ற விளி கேட்பவளைத் தருகிறது. ‘உள்ளேன்’ என்ற தன்மை வினைமுற்று பேசுபவளைத் தருகிறது. ‘படீஇயர்’ என்ற வியங்கோள், பேசும் நேரம் இரவு என்பதையும் அவள் இதுவரை உறங்கவில்லை என்பதையும் தருகிறது. யாருக்கும் பெயர் இல்லை. ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’ என்ற தொல்காப்பிய விதியால் அகத்திணை மாந்தர் எல்லோரும் பெயரற்றவர்கள். ‘சேர்ப்பன்’ என்பது நிலத்தால் வந்த பெயர் மட்டுமே. பெயர் இல்லாததால்தான் கூற்றைக் கண்டறிவது இவ்வளவு பெரிய வேலையாகிறது.

வேறு பாவில் அதே பொருள்

அகவலை நன்றாக அறிய வெண்பாவோடு ஒருமுறை ஒப்பிட வேண்டும். காமத்துப்பாலின் 250 குறள்களில் பிரிவாற்றாமையின் முதற்குறள் 1151ஐ எடுக்கிறேன்:

செல்லாமை உண்டேல் எனக்குரை மற்றுநின்
வல்வரவு வாழ்வார்க் குரை

போகவில்லை என்றால் எனக்குச் சொல். போய் விரைந்து வருவேன் என்பதை அப்போது உயிரோடு இருப்பவர்க்குச் சொல். தேமாங்காய், தேமா, கருவிளம், கூவிளம்; கூவிளங்காய், தேமா, மலர். ஏழு சீரும் வெண்டளை தப்பாமல் நடக்கின்றன. ‘உரை’ என்ற சொல் முதலடியில் ஒரு முறையும் ஈற்றில் ஒரு முறையும் வருகிறது. ஈற்றில் அது ஒற்றை அசையாக, ‘மலர்’ வாய்பாட்டில், சட்டென்று அறுபடுகிறது. 243இன் ‘கண்ணே’ என்ற நீண்ட ஏகார முடிவையும் இந்த வெட்டையும் வாய்விட்டுச் சொல்லி ஒப்பிடுங்கள். ஒன்று ஏங்குகிறது, மற்றது மறுமொழிக்கு இடம் கொடுக்காமல் முடிக்கிறது.

சொற்பிரித்த பதிப்பின் ஆபத்தையும் இந்தக் குறளே காட்டும். ‘வாழ்வார்க்கு உரை’ என்று பிரித்து அலகிட்டால் ‘வாழ்வார்க்கு’ தேமாங்காய் ஆகி, அதன்முன் நிரை வந்து கலித்தளை தட்டும், வெண்பாவே கெட்டுப்போகும். திருவள்ளுவர் பிழைவிட்டார் என்று ஒரு மாணவன் மகிழ்ச்சியோடு கையுயர்த்திய நாளும் உண்டு.

கலிப்பாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தரவு, தாழிசை, தனிச்சொல், சுரிதகம் என்ற உறுப்புகளும் துள்ளல் ஓசையும் உரையாடலுக்கும் கதைக்கும் இடம் தருகின்றன. தண்ணீர் கேட்டு வந்தவன் கையைப் பற்ற, அலறியவள் தாயிடம் ‘உண்ணுநீர் விக்கினான்’ என்று மாற்றிச் சொல்லும் கலித்தொகை 51ஐ ஐந்தடி அகவலில் சொல்ல முடியாது. அந்தத் தொகையை 1887இல் அச்சில் கொண்டுவந்தவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை.

பகுப்பாய்வை எழுதுதல்

யாப்புக்கு ஒரு பந்தி, திணைக்கு ஒரு பந்தி, அணிக்கு ஒரு பந்தி என்று எழுதுவதைத் தவிருங்கள். பாடலில் உங்களைத் தடுத்து நிறுத்திய ஓர் இடத்திலிருந்து தொடங்கி, அளந்து கண்டவற்றை அங்கே கொண்டுவந்து சேருங்கள். நம் பாடலுக்கு நான் எழுதும் தொடக்கம் இப்படி இருக்கும்: ‘“உள்ளேன்” என்ற மறுப்பு இறுதியடியின் முதற்சீரிலேயே வருகிறது; அதற்கு முன்னே 15 சீர்கள் அவனையும் அவன் கடற்கரையையும் நினைப்பதிலேயே செலவாகிவிட்டன. முச்சீராய்க் குறுகிய ஈற்றயலடி “சேர்ப்பனை” என்ற சொல்லில் நின்று, மறக்க வேண்டியவனையே காதில் நிறுத்திவிட்டுப் போகிறது. எஞ்சிய மூன்று சீரில் அவள் கேட்பது உறக்கத்தை. பாடலின் ஒரே காய்ச்சீர் அங்கேதான் நீள்கிறது.’ இதில் யாப்புச் செய்தி எது, பொருட்செய்தி எது என்று பிரித்தெடுக்க முடியாதிருப்பதே நோக்கம்.

கலைச்சொற்களை அளவாகப் பயன்படுத்துங்கள். ‘நேரொன்றாசிரியத்தளை’ என்று எழுதினால், அது அந்த இடத்தில் என்ன செய்தது என்று அடுத்த வாக்கியம் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அந்தச் சொல்லை அடித்துவிடலாம்.

தனியே பழகிப் பார்க்க விரும்புவோர் ஈழத்துப் பூதன்தேவனாரின் குறுந்தொகை 343ஐயும் 360ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். கொப்பியில் எழுதி, கூற்றை மறைத்து, சீர்களுக்குக் கோடிட்டு, ஈற்றயலடியில் யார் நிற்கிறார் அல்லது எது நிற்கிறது என்று ஒரு வரி எழுதிய பிறகு உரையைத் திறக்கலாம்.